நிலாவரை இலையின் பத்து மணி நேரம்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சளி, இருமல் என்று எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே அம்மா நலம். நானும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த சங்கதிக்குத் தாவுவதுதான் என் பழக்கம், இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மணி பத்தரை இருக்கும். அம்மா மூக்குக்கண்ணாடி மாற்றக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், வர மத்தியானம் ஆகும். ஜன்னலோரத்து உன் பழைய படிப்பு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணிகளின் நிழல் இந்தக் காகிதத்தின் மேல் வருவதும் போவதுமாக இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் கால் மணி நேரம் கரைந்துவிட்டது. இனி தூங்காமல் எழுதுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம், இதை மாப்பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டாதே. போனில் சொல்லியிருக்கலாம் என்பாய். நீ போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டுச் சமைக்கிறாய், என் குரல் உங்கள் வீடு முழுக்க நடமாடுகிறது, இந்த விஷயம் அப்படி நடமாடக் கூடிய விஷயம் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ மறுபடி எங்களை அங்கே வரச்சொன்னாய். நான் முழங்கால் வலி என்றேன். நீ கோபப்படவில்லை. சரிப்பா, விடுங்க, இனிமே நான் கூப்பிடலை, நீங்களும் காரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்க வெயில் எப்படி என்று கேட்டாய். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அதே பேச்சில்தான் சின்னக்குட்டி திரையில் என்னை உற்றுப் பார்த்து, தாத்தாவுக்குக் கால் இருக்கா என்று உன்னிடம் கேட்டாள். நாலு வயதாகிறது, பிறந்ததிலிருந்து என்னை மார்பு வரைக்கும்தான் பார்த்திருக்கிறாள், அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த வாரம் நீ அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, வயிறு சரியாகப் போவதில்லை, அப்பா வைத்திருக்கும் பச்சைப் பொடியில் ஒரு டப்பா அனுப்பு என்று. டப்பா இன்னும் வரவில்லையே என்று நீ நினைத்திருப்பாய். அதை நான் அனுப்பப் போவதில்லை, சுண்டு. ஏன் என்று சொல்லப் புகுந்தால் ஏழு வருடமாக நான் ஏன் அங்கே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டிவரும். இரண்டும் ஒரே கதைதான்.

எனக்கு முழங்கால் வலி கிடையாது. எனக்கு இருந்தது மலச்சிக்கல். முப்பத்துநாலு வருடம் பேதி மருந்துகளைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு, சொந்த மகளுக்கு அந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை அதைச் சொல்லியிருப்பேன், வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும். உங்கப்பா எனக்குத் தாலி கட்டினாரா, அந்தக் குளியலறைக் கதவுக்குக் கட்டினாரா என்று அவள் கேலி செய்வதை நீ பள்ளியில் படிக்கும் நாட்களில் கேட்டிருப்பாய், நான் உள்ளே பேப்பர் படிக்கிறேன் என்று நினைத்திருப்பாய்.

என் சோதனைச்சாலை உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மூலிகை மருந்துக் கம்பெனியின் இரண்டாம் மாடி, நீளமான ஒடுக்கமான அறை, ஒரு சுவர் முழுக்கப் பழுப்பு நிறப் பாட்டில்கள். பகல் பதினொரு மணிக்கு வெயில் அந்தப் பாட்டில்களுக்குள் நுழையும், அறை முழுக்கத் தேன் நிறத்தில் மூழ்கிவிடும், கீழே இலை அரைக்கும் இயந்திரத்திலிருந்து எழுந்த பச்சைத் தூசி அந்த வெளிச்சத்தில் இறங்கவும் மனசில்லாமல் ஏறவும் மனசில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். நான் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு வருடம் தேறும். வருவதில் பாதி வயிற்றுக்கான சரக்குதான். கற்றாழை இலையின் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கிய கட்டி வரும், அதில் அலோயின் என்று ஒரு கசப்பு இருக்கிறது, விரலில் பட்டால் மறுநாள் வரை போகாது. கடுக்காய் வரும், அதில் துவர்ப்பு மிகுதி, துவர்ப்பு என்றால் இறுக்கிப் பிடிக்கும் குணம், அப்படியிருந்தும் அது வயிற்றை இளக்குகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் வழி விடும் அந்தக் காயின் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. ஒரு மரப்பட்டை வரும், வெட்டிய சூட்டோடு கொடுத்தால் வாந்தியில் கொண்டுபோய் விடும், ஒரு வருடம் அடுக்கி வைத்துக் காத்திருந்தால் தானாகவே சாந்தமாகிவிடும். அந்தப் பட்டை மூட்டைகள் மூலையில் ஒரு வருடம் சும்மா இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நிலாவரை இலை. உன் பச்சைப் பொடி அதுதான். அதற்குள் சென்னோசைடு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு துண்டுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை தொற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சர்க்கரை இருக்கிறவரை அது தூங்கும். வாயில், இரைப்பையில், சிறுகுடலின் அத்தனை வளைவுகளிலும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிற ஆள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு போகும். பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் சர்க்கரையைக் கழற்றி, ஒட்டிய துண்டுகளைப் பிரித்துவிடும். அப்போதுதான் அது விழிக்கும். விழித்துக் குடல் சுவரைக் கிள்ளி நடக்கவைக்கும், அங்கிருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கும். இதற்கெல்லாம் சுமார் பத்து மணி நேரம். சோதனை செய்கிறபோது இதையே கண்ணாடிக் குழாயில் செய்வோம். பொடியை அமிலத்தில் கொதிக்கவைத்து, ஈதர் என்கிற திரவத்தில் குலுக்கி, அந்த ஈதரைப் பிரித்தெடுத்து அமோனியா சேர்த்தால், அடியில் தங்குகிற அமோனியா மெல்ல மெல்ல ரோஜா நிறமாகும். வேலையில் கடைசி நாள் வரை அந்த நிறம் ஏறும்போது எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். மத்தியானத் தூக்கத்தில் இப்போதும் வருகிறது, கை நிறையக் குழாய்கள், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகச் சிவக்கின்றன, என்னை யாரும் கூப்பிடவில்லை, எங்கும் போக வேண்டியதில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். வருகிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பாட்டில் சரக்கை எடுத்து மூடி, நாள் எழுதி, மூன்று வருடம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். வாங்கியவர் யாராவது குறை சொன்னால் திறந்து பார்ப்பதற்கு. மூன்று வருடம் முடிந்தால் கொட்டிவிட வேண்டும். எனக்குக் கொட்ட மனசு வராது. நானே சோதித்து நானே கையெழுத்துப் போட்ட இலை, அதைக் குப்பையில் போடுவது எப்படி என்று வீட்டுக்கு எடுத்துவந்து சமையலறை மேல்தட்டில் அடுக்குவேன். உனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது நான் ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டேனே, ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேனே, அப்போது வயிறு நின்றுவிட்டது. மேல்தட்டு பாட்டிலிலிருந்து ஒரு சிறு கரண்டி எடுத்து வெந்நீரில் குடித்தேன். மறுநாள் காலையில் உலகமே இலேசாகிவிட்டது. கால் கூடிவிட்டது, நடக்க ஆரம்பித்துவிட்டேன், கரண்டியை மட்டும் விடவில்லை. தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று எங்கள் ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சடித்திருக்கும், அந்த வரியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். அது மற்றவர்களுக்கு என்று நினைத்தேன் போலிருக்கிறது.

இரண்டாம் வருடம் ஒரு கரண்டி போதவில்லை. ஒன்றரை ஆனது. வேறு யாராக இருந்தாலும் தன் வயிற்றைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் சோதனைக்காரன், எனக்குச் சரக்கைச் சந்தேகப்படத்தான் தெரியும். நான் சாப்பிடுவது மூன்று வருடம் தாண்டிய இலை, வீரியம் குறைந்திருக்கும், அதனால்தான் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒரு பக்கம் இலையின் வயது, எதிர்ப்பக்கம் கரண்டி. கோடு போட்டு, கட்டம் கட்டி, பார்ப்பவர்கள் மெச்சும்படியான நோட்டு, முதல் வரியே தப்பு. பத்தொன்பது வருடம் முடியும்போது தலை தட்டாத மூன்று கரண்டிக்கு வந்திருந்தேன், குளியலறையில் முக்கால் மணி நேரமும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புது இலையாகவே வாங்கினேன், அதற்கும் மூன்று கரண்டி வேண்டியிருந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் இலை விளைச்சலே சரியில்லை என்று நோட்டில் எழுதி வைத்தேன், இன்றைக்கும் அந்த வரி இருக்கிறது.

உன் சின்ன மாமா வீட்டுக்கு நாம் எல்லாரும் போய் மூன்று நாள் தங்கியது உனக்கு நினைவிருக்கும், நான் மட்டும் பாதியில் கிளம்பி வந்துவிட்டேன், அலுவலகத்தில் அவசரம் என்று சொன்னேன். ஒரு குளியலறை, ஏழு பேர். நான் உள்ளே போய் நாற்பது நிமிடம் ஆனபோது மாமா கதவைத் தட்டி, அத்தான், உயிரோட இருக்கீங்களா என்று கேட்டான். வெளியே எல்லாரும் சிரித்தார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவன் அப்படித்தான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நான் பட்ட வெட்கத்தை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அன்றோடு பிறத்தியார் வீட்டில் தங்குவதை விட்டேன். நீ கல்யாணமாகி அவ்வளவு தூரம் போனபோது உன் வீடும் எனக்குப் பிறத்தியார் வீடாகிவிட்டது பார், அதுதான் கொடுமை. இரண்டு விமானம், பத்தொன்பது மணி நேரம். நான் உட்கார்ந்து ஒரு நேர அட்டவணையே போட்டுப் பார்த்தேன். இலையைக் கிளம்பும்போது சாப்பிட்டால் அது நடுக்கடலுக்கு மேலே, பெல்ட்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லி விளக்கு எரியும் நேரத்தில் விழிக்கிறது. சாப்பிடாமல் ஏறினால் அங்கே வந்து ஐந்து நாள் கல்லாகக் கிடப்பேன். எப்படிப் போட்டாலும் இலையும் விமானமும் ஒத்துப்போகவில்லை. கண்ணை மூடினால் அதே காட்சி, மேகத்துக்கு மேலே ஒரு நீளமான ஒடுக்கமான அறை, எல்லாரும் தூங்குகிறார்கள், எனக்குள்ளே அது மட்டும் கண் விழிக்கிறது.

சின்னக்குட்டி பிறந்தபோது அம்மாவை மட்டும் அனுப்பினேன். மூன்று மாதம் நான் இங்கே தனியாக இருந்தேன். நீ பிரசவ அறையிலிருந்து, அப்பா எங்கே என்று கேட்டதாக அம்மா வந்து சொன்னாள். லீவு கிடைக்கலேன்னு சொல்லிட்டேன், எத்தனை நாளைக்குத்தான் நான் பொய் சொல்றது என்றாள். லீவு எனக்கு நூற்றெட்டு நாள் மிச்சம் இருந்தது. அதை நினைத்தால் இந்தப் பேனா நகர மாட்டேன் என்கிறது.

இதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. உன் செய்தி வந்து நாலாம் நாள் தபால் நிலையப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன், கையில் உனக்கான அந்தப் பச்சை டப்பா, அம்மா துணியில் சுற்றித் தைத்துக் கொடுத்திருந்தாள். ஐந்தாவது படியில் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலி இல்லை, ஒன்றும் இல்லை, கால் இருக்கிற இடமே தெரியவில்லை. நெஞ்சு பிடிபடாத தாளத்தில் அடித்துக்கொண்டது. படியிலேயே உட்கார்ந்தேன், ரொம்ப அமைதியாக இருந்தது, போகிறவர்களுடைய செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சின்னக்குட்டி கேட்டது அப்போது காதில் விழுந்தது. தபால்காரர் ஒருவர் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டி வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருக்கிறது, அதனால்தான் கால் சோர்ந்தது, நெஞ்சு தடுமாறியது, தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அம்மா கைப்பையைத் திறந்து என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். டாக்டரம்மா அத்தனை வருடத்தையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, இவ்வளவு நீட்டா எழுதியிருக்கீங்களே ஸார் என்று மட்டும் சொன்னார். குடலுக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். திரையில் என் குடலின் உள்சுவர் வெளிர் சிவப்பாக இல்லை, மேசை விரிப்பில் டீ கொட்டிக் காய்ந்தால் வருமே, அந்தப் பழுப்பில் புள்ளி புள்ளியாக இருந்தது. வருடக்கணக்கில் அந்த இலையைச் சாப்பிட்டால் அதிலிருக்கும் பொருள் இப்படி நிறம் பிடிக்க வைக்கும், விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அந்தக் கறையைவிட உங்கள் பொட்டாசியம்தான் எனக்குக் கவலை என்றார். அந்த மரப்பட்டை மூட்டைகள் நினைவுக்கு வந்தன, எனக்கும் ஒரு வருடம் மூலையில் சும்மா கிடக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்படியும் மனசு கேட்கவில்லை பார். இலை பழசாகியிருக்காவிட்டால் இவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டேன் அல்லவா என்று உள்ளே ஒருவன் வாதாடிக்கொண்டே இருந்தான். மேல்தட்டில் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பாட்டில் ஒன்று மெழுகால் அடைத்தபடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பழைய அலுவலகத்துக்குப் போனேன். எனக்குக் கீழே வேலை பார்த்து இப்போது என் நாற்காலியில் இருக்கிற பெண்ணை உனக்குத் தெரியும், எதையும் மூன்று தடவை நிறுத்துப் பார்ப்பதால் தராசு என்று நாங்கள் பெயர் வைத்தோமே, அவள்தான். எதற்கு என்று சொல்லாமல் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். பதினொரு மணி வெயில் பாட்டில்களுக்குள் வந்துவிட்டிருந்தது. அவள் குலுக்கிவிட்டு அமோனியாவைச் சேர்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன், திரும்பியபோது குழாய் அடி நல்ல அடர்த்தியான ரோஜா நிறத்தில் இருந்தது. அளவுக் கருவியிலும் வைத்துப் பார்த்தாள், மூன்று தடவை. பிறகு சாதாரணமாக, இலை நல்லாத்தான் இருக்கு ஸார், நீங்க அன்னைக்குப் போட்ட அளவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றாள். இலை ஒரு நாளும் சோம்பேறியாகவில்லை, சுண்டு. அது ஒவ்வொரு நாளும் பத்து மணி நேரம் தூங்கிக்கொண்டே வந்து, சொன்ன இடத்தில் விழித்து, தன் வேலையைச் சரியாகச் செய்தது. பிறர் வந்து கிள்ளுகிறவரைக்கும் எழுந்திருக்காமல் கிடக்கப் பழகியது என் குடல். உனக்குச் சொன்ன காரணங்களையும் அந்த நோட்டில்தான் சேர்க்க வேண்டும், கட்டம் கட்டி, எல்லாவற்றுக்கும் பழியை வேறு எதன் மேலாவது போட்டு. தராசின் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவள் அமோனியா நெடி என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

பிறகு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தோம். கூடவே பொட்டாசியத்துக்கு ஒரு மருந்து, காலையில் ஈசப்கோல் உமி. இந்த உமியை நான் இத்தனை வருடம் மதித்ததே இல்லை, அதில் கிள்ளுகிற சரக்கு எதுவும் கிடையாது, குழாயில் நிறம் வராது. இருப்பதெல்லாம் தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று ஊதுகிற ஒரு பசைதான். அம்மா ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்தாள், வெயில் பட்டு அது மேகம் மாதிரி மெதுவாக விரிந்துகொண்டே போனதை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம், பொழுது போனதே தெரியவில்லை. நிறையத் தண்ணீரோடு உடனே குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் உலர்ந்த பிளம் பழம் ஐந்து. அதிலிருக்கும் சார்பிட்டால் என்கிற சர்க்கரையைக் குடல் முழுக்க உறிஞ்சிக்கொள்ளாது, அது கூடவே தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். குளியலறையில் உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க ஒரு குட்டி முக்காலி. இதையெல்லாம் கேள்விப்பட்டு மாடி வீட்டுத் தையல்காரர் தனக்கும் வைத்தியம் செய்துகொள்கிறேன் என்று தொட்டியிலிருந்த கற்றாழையைத் தோலோடு மஞ்சள் பாலோடு அரைத்து ஒரு சொம்பு குடித்துவிட்டார். அன்று யாருடைய துணியும் தைத்து முடியவில்லை. ஜன்னல் வழியாக அவர் மனைவி, இதுல எந்தப் பக்கம் மருந்து, எந்தப் பக்கம் விஷம்னு முன்னாடியே சொல்லக் கூடாதா அண்ணே என்று என்னைக் கேட்டார். உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரிச் சோற்றை மட்டும் எடுத்துக் கழுவ வேண்டும், தோலடி மஞ்சள்தான் குடலைப் பிடுங்கும் என்று சொன்னேன், தையல்காரர்தான் மறுபடி கற்றாழைப் பக்கமே போவதாக இல்லை.

நடுவில் மோசமான நாட்கள் இருந்தன, அதை விவரிக்க மாட்டேன். பதினோராம் நாள் மேல்தட்டு வரை கை போய்விட்டது, அங்கே பாட்டில்களுக்குப் பதில் அம்மா சின்னக்குட்டியின் போட்டோவை வைத்திருந்தாள். எட்டாவது வாரம் கரண்டியே இல்லாமல் ஆனது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்து காத்திருப்பேன், அவசரமில்லாமல், அந்தப் பச்சைத் தூசி மாதிரி. ஒரு நாள் வயிறு தானாகவே கூப்பிட்டது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல், முதலில் அடையாளமே தெரியவில்லை. போன வாரம் வெள்ளோட்டம் பார்க்க உன் சின்ன மாமா வீட்டுக்குப் போய் மூன்று நாள் முழுசாகத் தங்கினோம். அதே குளியலறை, அதே கதவு. இரண்டாம் நாள் காலையில் போய் ஒன்பது நிமிடத்தில் வெளியே வந்தேன். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, என்ன அத்தான், உள்ளே லைட் எரியலையா என்றான். வீட்டுக்கு வந்ததும் அம்மா அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, கட்டிலின் மேல் திறந்து வைத்தாள். நான் என் முக்காலியைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தேன்.

அதனால் டப்பா வராது. நீ அங்கே கடையில் எதையாவது வாங்கித் தொடங்கியிருந்தால் ஒரு டாக்டரிடம் காட்டிக் கேள், ஏன் போகவில்லை என்று முதலில் தெரிந்துகொள். தண்ணீர் குடி. மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. முக்கியமாக, வயிறு கூப்பிடும்போது மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாதே. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் வராதவர்களைக் கூப்பிடுவதை அது நிறுத்திவிடும், நீ நிறுத்தியது மாதிரி. நீ செய்ததில் நியாயம் இருக்கிறது. மறுபடி நீ கூப்பிட வேண்டாம், நானே வருகிறேன், அடுத்த மாதம் இருபதாம் தேதி, அம்மாவும் நானும். காலையில் மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிய பிறகு எனக்குக் குளியலறையில் ஒன்பது நிமிடம் போதும், ஒருநாள் பத்து ஆனால் கதவைத் தட்டிச் சிரிக்கலாம், நானும் சிரிப்பேன். பிரசவ அறையில் நீ கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

துணி நிழல் காகிதத்தை விட்டு நகர்ந்து சுவருக்குப் போய்விட்டது, அம்மாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்கிறது. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், நீ கையில் எடுத்த காரியமெல்லாம் கூடி வர வேண்டும். விமான நிலையத்துக்குச் சின்னக்குட்டியையும் கூட்டிக்கொண்டு வா, மறந்துவிடாதே. கண்ணாடிக் கதவு திறக்கும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம், கீழே பார்க்கச் சொல்.

இரண்டு காலோடும் வருகிற
உன் அப்பா